கரிசல் ஆட்டக்காரரும் புரதக் கணக்கும்

விளையாட்டு வீரருக்குச் சொல்லும் புரத ஆலோசனையில் மூன்று கேள்விகள் அடக்கம்: நாளொன்றுக்கு எவ்வளவு, எந்த உணவிலிருந்து, எந்தெந்த வேளையில். கோவில்பட்டியிலும் சுற்றியுள்ள கரிசல் ஊர்களிலும் இந்த மூன்றுக்கும் ஒரே பதிலைச் சொல்லும் வழக்கம் வேரூன்றிவிட்டது. "நம்ம ஊர்ச் சாப்பாட்டுல புரோட்டீனே கிடையாது, பவுடர் இல்லாம உடம்பு ஏறாது" என்ற பேச்சு ஜிம்மில் தொடங்கி, மைதானத்துக்கு வந்து, இப்போது எட்டாம் வகுப்புப் பையனின் காதிலும் விழுகிறது. அளவு, தரம், நேரம் என்று எதை எடுத்தாலும் இந்தக் கருத்து தவறு. அதற்குள் ஓர் உண்மையும் இருக்கிறது. அந்த உண்மையிலிருந்து டப்பாவுக்குப் போகும் வழிதான் கிடையாது.

இது கோவில்பட்டிக்குச் சின்ன விஷயமல்ல. தமிழகத்தில் ஹாக்கி என்றால் முதலில் நினைவுக்கு வரும் ஊர்களில் ஒன்று இது. செயற்கைப் புல்தரை மைதானம், மாநில விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் விளையாட்டு விடுதி, லட்சுமி அம்மாள் நினைவு அகில இந்தியப் போட்டி என்று ஓர் ஆட்டத்தைச் சுற்றியே ஊர் வளர்ந்திருக்கிறது. 2022 மே மாதம் தேசிய ஜூனியர் ஆண்கள் சாம்பியன்ஷிப் இங்கே நடந்தது. அதே மாதம் இந்த ஊர் எஸ். மாரீஸ்வரன், ஜகார்த்தாவில் நடந்த ஆசியக் கோப்பையில் இந்தியாவுக்கு ஆடினார். அணி வெண்கலம் வென்றது. அவருக்குப் பின்னால் மட்டை பிடித்து நிற்கும் பிள்ளைகளில் பலர் தீப்பெட்டி ஆலைக் கூலியிலும் மானாவாரி வெள்ளாமையிலும் பிழைக்கும் வீடுகளிலிருந்து வருகிறவர்கள். அந்த வீட்டுக்குள் இரண்டாயிரம், மூவாயிரம் ரூபாய் டப்பாவை நுழைக்கும் ஆலோசனை, அந்த மாதத்துப் பாலையும் முட்டையையும் வெளியே தள்ளிவிட்டுத்தான் நுழையும்.

தசைக்கு எரிபொருளே புரதம்தான் என்ற நம்பிக்கை பழையது. ஜெர்மானிய வேதியியலாளர் லீபிக் 1840களில் அதைச் சொன்னார்: உழைக்கும்போது தசை தன்னையே எரித்துக்கொள்கிறது, எரிந்ததை ஈடுகட்டப் புரதம் வேண்டும் என்று. 1865இல் ஃபிக், விஸ்லிசேனுஸ் என்ற இரு விஞ்ஞானிகள் சுவிட்சர்லாந்தின் ஃபௌல்ஹார்ன் மலையில் ஏறி அதைச் சோதித்தார்கள். முந்தின நாள் நண்பகலிலிருந்து புரதத்தைத் தொடவில்லை. மாவுச்சத்தும் கொழுப்பும் சர்க்கரையும்தான் உணவு. வழியெல்லாம் சிறுநீரைச் சேகரித்து அதிலிருந்த நைட்ரஜனை அளந்தார்கள். எரிந்த புரதத்தின் கணக்கு, ஏறிய உயரத்துக்கான உழைப்பில் பாதிக்குக்கூடத் தேறவில்லை. தசையை ஓட்டுவது பெரும்பாலும் மாவும் கொழுப்பும், தசையைக் கட்டுவதும் செப்பனிடுவதும் புரதம் என்ற பிரிவினை அப்போதிலிருந்தே தெரிந்ததுதான். ஆட்டத்துக்கு முன் ஒரு ஸ்கூப் குடித்தால் ஓட்டத்துக்குத் தெம்பு வரும் என்று இன்று சொல்பவர், ஒன்றரை நூற்றாண்டுக்கு முன் மலையேறி மறுக்கப்பட்ட கருத்தைத்தான் சொல்கிறார்.

தமிழர் சாப்பாடு வலுவற்றது என்ற தீர்ப்புக்கும் ஒரு வரலாறு உண்டு. ராபர்ட் மெக்காரிசன் 1920களில் குன்னூர் ஆய்வுக்கூடத்தில் எலிகளுக்கு இந்தியாவின் பல பகுதி உணவுகளைக் கொடுத்துப் பார்த்தார். சீக்கியர் உணவு தின்ற எலிகள் முதலிடம், சென்னை மாகாண உணவு தின்றவை கடைசி. (அந்த ஆய்வுக்கூடம்தான் 1958இல் ஹைதராபாத்துக்கு மாறி, இன்றைய தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக வளர்ந்தது.) ஆனால் இரண்டு தட்டுகளிலும் என்ன இருந்தது என்று பார்க்க வேண்டும். சீக்கியர் தட்டில் முழுக்கோதுமை ரொட்டி, பால், தயிர், பருப்பு, பச்சைக் காய்கறி. இறைச்சி வாரத்துக்கு ஒருமுறைதான். மாகாணத் தட்டில் தீட்டிய அரிசி, கண்ணுக்குத் தெரியாத பருப்பு, பெயருக்கு மோர். வேறுபாடு ஊரில் இல்லை, ரத்தத்திலும் இல்லை. தவிட்டிலும் பாலிலும் பருப்பிலும் இருந்தது. நெல்லுச்சோறு பண்டிகைச் சோறாக இருந்த அந்தக் காலத்தில் கரிசல்காட்டார் அன்றாடம் உண்டது கம்பும் சோளமும் குதிரைவாலியும் என்பதையும் மறந்துவிடக் கூடாது. சென்னை மாகாணத் தட்டு என்று கூண்டில் வைக்கப்பட்டது கரிசல் தட்டே அல்ல.

இனி அளவு. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் 2020இல் வகுத்தபடி, பொதுவான ஒருவருக்கு உடல் எடையில் கிலோவுக்கு 0.83 கிராம் புரதம் நாளொன்றுக்குப் போதும். தானியமும் பருப்புமே பிரதானம் என்றால் ஒரு கிராம் என்று வைத்துக்கொள்வது நல்லது. இதே அளவு ஆட்டக்காரருக்கும் போதும் என்று சில ஆசிரியர்கள் இன்னும் சொல்கிறார்கள், அதுவும் தவறு. தினம் இரண்டு வேளை ஓடி, குனிந்து, அடித்துப் பழகும் உடம்பில் தசை இழைகள் கூடுதலாகத் தேய்ந்து கூடுதலாகக் கட்டப்படுகின்றன. அமெரிக்க, கனடிய அமைப்புகள் 2016இல் வெளியிட்ட கூட்டறிக்கை ஆட்டக்காரர்களுக்குக் கிலோவுக்கு 1.2 முதல் 2 கிராம் வரை என்றது. 2018இல் வெளிவந்த ஒரு தொகுப்பாய்வு, 49 சோதனைகளில் கலந்துகொண்ட 1,863 பேரின் முடிவுகளை ஒன்றாக வைத்துப் பார்த்து, கிலோவுக்கு ஏறத்தாழ 1.6 கிராமைத் தாண்டினால் தசை வளர்ச்சியில் சராசரியாக மேற்கொண்டு பலன் தெரியவில்லை என்று கண்டது. தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024இல் வெளியிட்ட உணவு வழிகாட்டியும் இந்த 1.6ஐயே எடுத்துச் சொல்லி, உடம்பு ஏற்றுவதற்காகப் புரதப் பவுடரை நாட வேண்டாம் என்றது.

அந்தத் தொகுப்பாய்வில் அதிகம் பேசப்படாத இன்னோர் எண் உண்டு. எடை தூக்கும் பயிற்சியோடு கூடுதல் புரதம் எடுத்தவர்களுக்கு, எடுக்காதவர்களைவிட மிகுதியாக ஏறிய சதை சராசரியாக 300 கிராம். மிச்ச வளர்ச்சி முழுவதும் பயிற்சி கொடுத்தது. கிலோவுக்கு மூன்று கிராம் வேண்டும் என்று மைதானத்தில் அடித்துச் சொல்கிறவர்கள் இந்த 300 கிராமைத்தான் விற்கிறார்கள்.

அறுபது கிலோ எடையுள்ள ஹாக்கி ஆட்டக்காரர் ஒருவரை எடுத்துக்கொண்டால், அவருக்கு வேண்டியது நாளுக்கு 72 முதல் 96 கிராம். கரிசல் தட்டில் இது தேறுமா என்பதுதான் வழக்கின் மையம். நூறு கிராம் கம்பில் ஏறத்தாழ 11 கிராம் புரதம். 250 கிராம் அரிசியில் 20. சாம்பாருக்குப் போட்ட 30 கிராம் துவரம்பருப்பில் 7. இட்லிக்கோ உளுந்தங்களிக்கோ போன 30 கிராம் உளுந்தில் இன்னொரு 7. ஐம்பது கிராம் நிலக்கடலையில் 12. மாலைச் சுண்டலுக்கு ஊறவைத்த 40 கிராம் கடலையிலோ காணத்திலோ 8. இரண்டு முட்டையில் 12. நாள் முழுவதுமாக 400 மில்லி பாலிலும் தயிரிலும் 13. கூட்டினால் 90. முட்டை தொடாத வீடு என்றால் 78. அப்போதும் கிலோவுக்கு 1.3 கிராம் நிற்கிறது. இந்தத் தட்டில் மீனையும் கோழியையும் கணக்கிலேயே சேர்க்கவில்லை. தூத்துக்குடியிலிருந்து வரும் நெத்திலிக் கருவாட்டில் எடையில் பாதிக்குமேல் புரதம். ஒரு கைப்பிடி போட்டுக் குழம்பு வைத்தாலே கணக்கு மேலே போய்விடும்.

அடுத்த வாதம், செடியிலிருந்து வரும் புரதம் குறைப்புரதம், தசைக்கு ஒட்டாது என்பது. தனித்தனியாக எடுத்தால் குறை உண்டு: தானியத்தில் லைசின் என்ற அமினோ அமிலம் குறைவு, பருப்பில் மெத்தியோனின் குறைவு. ஆனால் யாரும் அரிசியை மட்டும் தின்று, மறுநாள் உளுந்தை மட்டும் தின்று வாழ்வதில்லை. ஒன்றின் பள்ளத்தை மற்றொன்று நிரப்புகிறது. ஒரே வாயில் இரண்டும் சேர்ந்துதான் போக வேண்டும் என்ற கட்டாயம்கூட இல்லை, ஒரு நாளுக்குள் சேர்ந்தால் போதும். மூன்று பங்கு தானியத்துக்கு ஒரு பங்கு பருப்பு என்பதே தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் சொல்லும் விகிதம். தசைக் கட்டுமானத்தைத் தூண்டுகிற லியூசின் பாலைவிடப் பருப்பில் குறைவுதான். அளவைக் கொஞ்சம் கூட்டினால் அது ஈடாகிவிடுகிறது. பிரேசிலின் சாவ் பாவ்லோவில் நடந்து 2021இல் வெளியான ஆய்வில், விலங்குணவே தொடாத 19 இளைஞர்களும் எல்லாம் உண்ணும் 19 இளைஞர்களும் கிலோவுக்கு 1.6 கிராம் புரதத்தோடு 12 வாரம் கால் தசைக்குப் பயிற்சி செய்தார்கள். முதல் அணிக்குச் சோயா, இரண்டாம் அணிக்குப் பாலிலிருந்து எடுக்கும் வே என்று இருவருக்கும் பவுடரால் அளவு நிரப்பப்பட்டது. ஆகவே இது பவுடருக்கு எதிரான ஆய்வு அல்ல. ஆனால் புரதம் எங்கிருந்து வந்தது என்பது சதையிலோ வலுவிலோ எந்த வித்தியாசத்தையும் காட்டவில்லை. செடிப் புரதம் ஒட்டாது என்ற வாதத்துக்கு இந்த ஒரு பதில் போதும்.

செரிமானம் பற்றிய கேள்வி நியாயமானது. சோளத்தின் புரதம் தண்ணீரில் வேகும்போது இறுகிக்கொள்ளும். பச்சையாக இருந்ததைவிடச் செரிப்பது குறையும். பயறுகளில் உள்ள ஃபைட்டேட்டும் வேறு சில பொருள்களும் செரிமானத்துக்குத் தடை போடும். கரிசல் அடுக்களை இதற்கெல்லாம் எப்போதோ வழி கண்டுவிட்டது. கம்பைத் தண்ணீர் தெளித்து உரலில் இடித்து, தவிட்டைப் புடைத்து, மாவைக் கரைத்து இரவு முழுவதும் புளிக்கவிட்டு, காலையில் காய்ச்சி மோர் விட்டுக் குடிப்பதில் ஒவ்வொரு படிக்கும் காரணம் உண்டு. புளிக்கும்போது ஃபைட்டேட் சிதைகிறது, புரதம் இளகுகிறது. மோரோடு சேரும்போது லைசின் பற்றாக்குறையும் தீர்கிறது. பாசிப்பயற்றை ஊறவைத்து ஈரத்துணியில் கட்டி முளைகட்டுவதும் இதே வேலையைத்தான் செய்கிறது.

உளுந்தஞ்சோற்றைப் பார்த்தாலே பாதி வாதம் முடிந்துவிடும். தொலி நீக்காத உடைத்த உளுந்தை வெறும் சட்டியில் வாசம் வரும்வரை வறுத்து, அரிசியோடு களைந்து, வெந்தயமும் உரித்த பூண்டும் தேங்காய்த் துருவலும் சேர்த்து ஒரே பானையில் குழைய வேகவிட்டு, எள்ளுத் துவையலோடு பரிமாறுவார்கள். இரண்டு பங்கு அரிசிக்கு ஒரு பங்கு உளுந்து போடும் வீடுகள் உண்டு. அந்தக் கணக்கில் 100 கிராம் அரிசியும் 50 கிராம் உளுந்தும் வெந்த ஒரு தட்டில் 19 கிராம் புரதம் இருக்கிறது. எள்ளில் மெத்தியோனின் மிகுதி. உளுந்தில் இல்லாததைத் துவையல் கொண்டுவருகிறது. ஒரு ஸ்கூப் வே பவுடர் தருவது பொதுவாக 20 முதல் 25 கிராம். ஓர் இளம் ஆட்டக்காரரிடம் ஸ்கூப்பைப் பற்றிப் பேசுமுன் இந்தத் தட்டைப் பற்றிப் பேசாத ஆலோசகர், வேலையைப் பாதியில் விட்டவர்.

நேரத்தைப் பற்றிய மிரட்டலும் மிகை. பயிற்சி முடிந்து அரைமணிக்குள் புரதம் உள்ளே போகாவிட்டால் உழைப்பு முழுக்க வீண் என்று பையன்களைப் பயமுறுத்துகிறார்கள். 2013இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு, நாளின் மொத்தப் புரத அளவைக் கணக்கில் கொண்டதும் இந்த நேர வித்தியாசம் மறைந்துவிடுவதைக் காட்டியது. வேளைக்குக் கிலோவுக்கு 0.3 கிராம், அதாவது 60 கிலோ ஆளுக்கு 18 முதல் 20 கிராம், மூன்று நான்கு மணி நேர இடைவெளியில் நாலைந்து வேளை என்று பிரித்துக்கொள்வதே பயன்தரும் விதி. காலையில் வெறும் இட்லி, மதியம் வெறும் சோறு, எல்லாப் புரதமும் இரவுக் கறிக்குழம்பில் என்று ஒதுக்குவதை இந்த விதி மாற்றச் சொல்கிறது. மைதானத்து மணியைப் பார்த்து ஓடச் சொல்லவில்லை.

பவுடர் கட்சி கவனிக்கவே கவனிக்காத இடம் மொத்தச் சாப்பாடு. விடிகாலை ஐந்தரைக்கு வெறும் வயிற்றோடு மைதானத்தில் இறங்கி, எட்டரைக்கு இரண்டு இட்லியை விழுங்கிப் பள்ளிக்கு ஓடும் பையனின் முதல் பற்றாக்குறை புரதம் அல்ல, சோறு. மாவுச்சத்து போதாதபோது உடம்பு உண்ட புரதத்தையும் எடுத்து எரித்துவிடும். விலை கொடுத்து வாங்கிய வே, விறகாகப் போகும். செலவிடும் சக்திக்கு உண்ணும் உணவு போதாமையால் வரும் கேடுகளைச் சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி 2014இல் ஒரு தனிக் கோளாறாகவே வரையறுத்தது: எலும்பு பலவீனம், மாதவிடாய் தடைப்படுதல், அடிக்கடி காயம். பெண் ஆட்டக்காரர்களிடம் இதோடு ரத்தசோகையும் சேர்ந்துகொள்ளும். அங்கே முதலில் கேட்க வேண்டியது ஹீமோகுளோபின் அளவு. பயிற்சிக்கு முன் ஒரு வாழைப்பழம், முடிந்ததும் இரண்டு கடலை மிட்டாய் என்ற ஏற்பாடு பல பவுடர்களைவிட உதவும். 2020இல் புவிசார் குறியீடு பெற்ற கோவில்பட்டி கடலை மிட்டாயில் பாதிக்குமேல் கடலை, மிச்சம் வெல்லப்பாகு. கட்டுவதற்கான புரதமும் எரிப்பதற்கான சர்க்கரையும் ஒரே துண்டில் இருக்கின்றன.

எதிர்த்தரப்பு சொல்வதில் உள்ள உண்மை இதுதான்: கரிசல் நிலத்தில் விளைவது கரிசல் தட்டில் இல்லை. 1901இல் தொடங்கிய வேளாண்மை ஆராய்ச்சி நிலையம் உள்ள ஊர் இது. சுற்றிலும் புரட்டாசி விதைப்பில் உளுந்தும் பாசியும் ஏக்கர் ஏக்கராக நிற்கின்றன. ஆனால் வீட்டில் பொழுதுக்கும் ரேஷன் அரிசிச் சோறு. தண்ணீராக ஊற்றும் சாம்பாரில் ஆளுக்கு 15 கிராம் பருப்பு இருந்தால் அதிகம். கம்பும் சோளமும் நின்ற நிலத்தில் மக்காச்சோளம் ஏறிவிட்டது. அதில் பெரும்பகுதி கோழித் தீவனத்துக்குப் போகிறது. இப்படிப்பட்ட தட்டில் 60 கிலோ ஆட்டக்காரருக்கு 72 கிராம் தேறாது என்று பவுடர் கட்சி சொன்னால், அந்தத் தட்டைப் பொறுத்தவரை சரிதான். அதற்கு மருந்து தட்டைத் திருத்துவது. சாம்பாரைக் கெட்டியாக வைப்பது, மாலையில் சுண்டல், பள்ளிச் சத்துணவில் தரும் முட்டையைத் தவறவிடாமல் தின்பது, இரவு ஒரு டம்ளர் பால். மதிய உணவுத் திட்டத்தைக் காமராஜர் 1956இல் தொடங்கிவைத்த எட்டயபுரம் இங்கிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. படிக்கிற பிள்ளைக்குச் சோறு போடுவது அரசின் வேலை என்று இந்தக் கரிசல் மண்ணிலிருந்து நாட்டுக்குச் சொன்னார்கள். ஆடுகிற பிள்ளைக்கு முட்டையும் பருப்பும் கூட்டிப் போடுவது அதன் தொடர்ச்சி.

காசுக் கணக்கும் இதையே சொல்கிறது. விலை ஏறி இறங்கினாலும் கடலையிலும் உளுந்திலும் ஒரு கிராம் புரதம் ஏறத்தாழ அரை ரூபாய்க்குக் கிடைக்கிறது, முட்டையில் ஒரு ரூபாயை ஒட்டி. நல்ல வே பவுடரில் அது மூன்று ரூபாய் அளவுக்குப் போகும். மலிவாகக் கிடைக்கும் 'மாஸ் கெய்னர்' இன்னும் மோசம்: பெரும்பாலானவற்றில் முக்கால் பங்கு மால்டோடெக்ஸ்ட்ரின், அதாவது மக்காச்சோளம் போன்றவற்றின் மாவுச்சத்திலிருந்து எடுத்த ஒருவகைச் சர்க்கரைத் தூள். ஒல்லிப் பையன்கள் வாங்குவது பெரும்பாலும் இதைத்தான்.

டப்பாவுக்குள் இருப்பது என்ன என்பதும் தெளிவில்லை. இந்தியாவில் விற்கும் 36 புரதப் பவுடர்களைச் சோதித்து 2024இல் வெளியான ஆய்வில், ஏறத்தாழ 70 விழுக்காட்டில் லேபிளில் சொன்ன புரத அளவு சரியாக இல்லை. சிலவற்றில் சொன்னதில் பாதிதான் இருந்தது. 14 விழுக்காட்டில் அஃப்ளடாக்சின் என்ற பூஞ்சை நஞ்சு இருந்தது. நேர்மையாகச் சொன்னால் கடலையிலும் இந்த நஞ்சு வரும். சரியாகக் காயாத, சுருங்கிய, கறுத்த பருப்பைப் பொறுக்கி எறிய வேண்டும். அதைக் கண்ணால் பார்த்துச் செய்ய முடியும், டப்பாவில் முடியாது. ஆட்டக்காரருக்கு இன்னொரு பெரிய ஆபத்து ஊக்கமருந்து. 2000-2001இல் 13 நாடுகளில் வாங்கிய 634 துணைச்சத்துகளைக் கொலோன் ஆய்வுக்கூடம் சோதித்தபோது, 14.8 விழுக்காட்டில் லேபிளில் சொல்லாத ஹார்மோன் பொருள்கள் கிடைத்தன. உடம்பில் தடைப்பொருள் இருந்தால் தெரிந்து தின்றாரா தெரியாமல் தின்றாரா என்று பார்க்காமல் பொறுப்பு ஆட்டக்காரர் தலையில்தான் விழும். பயிற்றுநர் சொன்னார், ஜிம்மில் கொடுத்தார்கள் என்ற பேச்சு அங்கே அவரைக் காப்பாற்றாது.

பவுடருக்கு இடமே இல்லை என்பதல்ல வாதம். ஆரோக்கியமான சிறுநீரகத்தைப் புரதம் அரித்துவிடும் என்று பொத்தாம்பொதுவாகப் பயமுறுத்துவதும் சரியில்லை. ஏற்கெனவே சிறுநீரகக் கோளாறு உள்ளவருக்குத்தான் அந்த எச்சரிக்கை உறுதியாகப் பொருந்தும். காயத்தால் படுத்துப் பசியற்றுக் கிடப்பவர், எடை குறைத்துக்கொண்டே தசையைக் காக்க வேண்டிய குத்துச்சண்டை, பளுதூக்கும் வீரர், ரயிலிலும் வெளியூர் முகாமிலும் நாள்கணக்கில் சாப்பாடு அமையாதவர் ஆகியோருக்கு, தொகுதிவாரியாகத் தடைப்பொருள் சோதனை முடிந்த ஒரு தயாரிப்பை, உணவியலாளரின் கணக்குப்படி கொடுக்கலாம். வளரும் வயதுப் பிள்ளைக்கு அந்த இடம் கடைசி. அதற்குமுன் ஒரு வாரம் அவர் தின்றதை வேளைவாரியாக எழுதிப் பார்க்க வேண்டும், எடையும் உயரமும் எடுக்க வேண்டும், வீட்டில் அடுப்பு எரிகிற நேரத்தைக் கேட்க வேண்டும்.

விடுதிகளும் கிளப்புகளும் செய்யக்கூடியது சந்தையிலேயே தொடங்குகிறது. தை, மாசியில் புது உளுந்தும் பாசியும் களத்துக்கு வரும்போது விலை இறங்கும். அறுபது பிள்ளைகளுக்கு ஆளுக்கு நாளொன்றுக்கு 60 கிராம் பருப்பு என்றால் மாதம் 108 கிலோ, பத்து மாதத்துக்குப் பதினொரு குவிண்டாலுக்குச் சற்றுக் குறைவு. அதை ஒரே தடவையில் விவசாயிகளிடமிருந்தே வாங்கி, நன்றாக வெயிலில் காயவைத்து ஆறவிட்டு, காய்ந்த வேப்பிலை போட்டுச் சாக்கில் கட்டி, ஈரம் ஏறாத அறையில் தரையைத் தொடாமல் பலகைமேல் அடுக்கிவைத்தால் அடுத்த மார்கழிவரை வரும். மாதம் ஒருமுறை மூட்டையைப் பிரித்து, வண்டு தெரிந்தால் மறுபடி வெயில் காட்ட வேண்டும்.